சுரபாயாவில் ஒரு போர் நிருபர்

போர் என்றவுடன் அரசர்களும் தளபதிகளுமே நம் நினைவுக்கு வருகின்றனர். நம் பாட நூல்களும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளன. எந்தப் படை எந்த ஆண்டில் எங்கே வென்றது என்று பரீட்சைக்காக மனனம் செய்யும் மாணவர், அச்செய்தியை முதலில் எழுதியவர் யார், அவர் எவர் பக்கம் நின்று எழுதினார் என்று வினவுவதில்லை. வினவ வேண்டும்.

1854-ஆம் ஆண்டில் கிரிமியப் போருக்குச் சென்ற லண்டன் 'டைம்ஸ்' நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல், ஆங்கிலச் சிப்பாய்கள் குளிரிலும் நோயிலும் கேட்பாரற்று மடிவதைக் கண்டவாறே எழுதினார். மறு ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கில மந்திரி சபை கவிழ்ந்தது. அதற்கு அவர் எழுத்தும் ஒரு காரணம். அன்று முதல் படைத் தலைமை நிருபர்களைச் சற்று அச்சத்துடன்தான் நோக்கி வருகிறது. ஆயினும் ரஸ்ஸலுக்கு நேராத ஒரு சங்கடம் நம் நாட்டு நிருபர் ஒருவருக்கு நேர்ந்தது. அவர் பெயர் பி.ஆர்.எஸ். மணி.

1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜப்பானியப் படை பர்மாவிலிருந்து எல்லை கடந்து மணிப்பூருக்குள் புகுந்தது. இம்பாலைச் சூழ்ந்த குன்றுகளில் ஜூலை வரை கடும் போர். அங்கே போரிட்ட படைகளுள் 23-ஆவது இந்திய டிவிஷனும் ஒன்று. அந்நாளில் மணி இந்திய ராணுவத்தின் செய்தித் துறையில் சேர்ந்து காப்டன் பதவியில் இருந்தார். சிப்பாய்களோடு உடன் சென்று அவர்களைப் பற்றி நாட்டுக்கு எழுதுவது அவர் பணி. இப்பணியை எளிதாக எண்ணிவிடலாகாது. மேற்கு மலையடியில் உள்ள எங்கள் கூமாப்பட்டி போன்றதோர் ஊரிலிருந்து ஒரு பிள்ளை படைக்குப் போயிருந்தால், தபால்காரர் வரும் வழியை நோக்கியிருக்கும் தாய்க்கு எந்தக் குன்று பிடிபட்டது என்பதில் என்ன இருக்கிறது? மகன் வேளைக்கு உண்டானா, காலில் பட்ட புண் ஆறிற்றா என்பதே அவள் கவலை. அத்தகைய செய்தியை எழுதுகிறவர் சிப்பாயின் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இருந்து பழகியபின் அன்பு உண்டாகாமல் போகுமா?

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. அம்மாதம் 17-ஆம் தேதி சுகர்ணோவும் ஹட்டாவும் இந்தோனேசியாவின் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தனர். நேச நாட்டுத் தலைமையோ, ஜப்பானியரிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கவும், சிறைமுகாம்களில் இருந்தோரை மீட்கவும் பிரிட்டிஷ் படைகளை ஜாவாவுக்கு அனுப்பியது. பெயர்தான் பிரிட்டிஷ் படை. அதில் பெரும்பாலோர் இந்தியர். பின்னாலேயே டச்சுக்காரர் ஆட்சியைப் பிடிக்க வருவார் என்பதை அந்நாட்டு மக்கள் அறிந்திருந்தனர். இந்தியப் படைகளை இதற்குப் பயன்படுத்தலாகாது என்று ஜவாஹர்லால் நேரு கண்டித்தார். அவர் கண்டனம் தடுக்கவில்லை.

அக்டோபர் 25-ஆம் தேதி, பிரிகேடியர் மல்லாபியின் தலைமையில் 23-ஆவது டிவிஷனைச் சேர்ந்த 49-ஆவது பிரிகேடு சுரபாயாத் துறைமுகத்தில் இறங்கியது. மணியும் உடன் சென்றார். மறுநாள் மல்லாபி அவ்வூர்த் தலைவர்களுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அதற்கடுத்த நாளே ஆகாய விமானம் ஒன்று நகரின்மேல் துண்டுப் பிரசுரங்களைத் தூவிற்று: நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று! மேலிடத்து உத்தரவு அது. கொடுத்த வாக்கு ஒருநாளில் காற்றில் பறந்தது. இதைக் காட்டிலும் மதிகேடான செயல் அப்போரில் வேறில்லை என்பது என் கருத்து. 28-ஆம் தேதி, நகரெங்கும் சிறு சிறு காவல் பிரிவுகளாகச் சிதறியிருந்த இந்தியச் சிப்பாய்களை மக்கள் வெள்ளம் சூழ்ந்து தாக்கியது. பலர் மாண்டனர். சுகர்ணோவே வந்து சமாதானம் பேசினார். எனினும் 30-ஆம் தேதி மாலை மல்லாபி தம் காரிலேயே கொல்லப்பட்டார். நவம்பர் 10-ஆம் தேதி கப்பல் பீரங்கிகளும் விமானங்களும் நகரைத் தாக்க, 5-ஆவது இந்திய டிவிஷன் வீதி வீதியாக முன்னேறிற்று. மூன்று வாரங்கள் போர் நடந்தது. அந்த நவம்பர் 10-ஐ இந்தோனேசியர் இன்றும் வீரர் திருநாளாகப் போற்றுகின்றனர்.

மணியின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள். வீழ்ந்தவர்கள் அவர் பழகிய படையைச் சேர்ந்த சிப்பாய்கள். ஆணைக்குக் கட்டுப்பட்டு அந்நிய மண்ணில் உயிர் துறந்தவர்கள். அவர்களை வீழ்த்தியவர்களோ, நாம் எந்தச் சுதந்திரத்தைக் கேட்டோமோ அதையே கேட்டவர்கள். முன்னவருக்காகக் கோபமும், பின்னவருக்காக அனுதாபமும் ஒரே நெஞ்சில் எழுந்தன. அவருடைய எழுத்துக்களை ஆராய்ந்த ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் ஹெதர் குடால், இவ்விரு பற்றுகளின் மோதலையே அவற்றில் காண்கிறார். சிப்பாய்களுக்குள்ளும் இம்மோதல் இருந்திருக்கிறது. சில நூறு இந்தியர் படையை விட்டு நீங்கி இந்தோனேசியர் பக்கம் சேர்ந்தனர். அவர்களைத் துரோகிகள் என்று ராணுவச் சட்டம் சொல்லும். நான் அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூற மாட்டேன். இறுதிவரை அணியில் நின்று மடிந்தவர்களைக் கூலிப்படை என்று இகழ்வோருடனும் எனக்கு உடன்பாடில்லை.

ராணுவ உடுப்பில் இருக்கும்வரை தணிக்கைக்கு உட்பட்டே எழுத முடியும். மணி அவ்வுடுப்பைக் களைந்தார். பம்பாயில் சதானந்த் நடத்திய 'பிரீ பிரஸ் ஜர்னல்' நாளிதழின் நிருபராக அதே இந்தோனேசியாவுக்குத் திரும்பிச் சென்றார். 1946 நவம்பர் இறுதியில் கடைசி இந்தியப் படைகள் அந்நாட்டை விட்டு வெளியேறின. 1949 டிசம்பர் 27-இல் டச்சு அரசு ஆட்சியுரிமையை ஒப்படைத்தது. தாம் கண்ட அப்புரட்சியைப் பற்றி மணி ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்றைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்கள் நூலகங்களில் அதனைத் தேடிப் படிக்கலாம்.