டைனமோ சுற்றிய மாலைகள்

1990 ஆம் ஆண்டுக்கும் 1995 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். கோட்டை முற்றுகை, ஆனையிறவுச் சமர், பூநகரித் தாக்குதல், கிளாலிக் கடல்நீரேரியில் இரவுப் பயணங்கள் என்று அந்த ஐந்தாண்டுகளின் பட்டியல் நீளமானது. பத்திரிகையாளன் என்ற முறையில் நானும் அவற்றை எழுதியிருக்கிறேன். ஆனால் மாலை ஆறு மணிக்குப் பின் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளோடு என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை எவரும் எழுதியதாக நான் அறியேன். அதுவும் வரலாறுதான் என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இம்முறை என் வீட்டு விறாந்தையை எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதுவது எனக்குத் தொழில். வானொலி கேட்பது பொழுதுபோக்கு. இது தகப்பன் வழி வந்த நோய். என் தந்தையார் பள்ளிக்கூட ஆசிரியர். ஐம்பதுகளின் இறுதியில் வால்வு வைத்த பிலிப்ஸ் வானொலிப்பெட்டி ஒன்றை வாங்கியிருந்தார். அந்நாளில் வானொலி வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைப் புதுப்பிக்கத் தபாற் கந்தோருக்குப் போகும்போது என்னையும் கூட்டிச் செல்வார். பெட்டியை முடுக்கினால் வால்வு சூடாகிக் குரல் வெளிவரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வீடே மௌனமாக இருக்கும். இலங்கை வானொலியின் சிறுவர் மலரை நாங்கள் கேட்கலாம். ஆனால் குமிழைத் தொடக்கூடாது. குமிழ் தந்தையாருக்கு மட்டுமே உரியது. அவர் சிற்றலையில் ஊர் ஊராகத் தேடிச் செல்லும்போது எழும் இரைச்சலைக் கேட்டபடியே நான் நித்திரையாகிப்போன இரவுகள் பல.

1990 ஜூன் மாதம் மீண்டும் போர் மூண்டபோது என் மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. சில நாட்களிலேயே குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. தொடர்ந்து பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம், பற்றறி என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. மண்ணெண்ணெய் வந்த அளவு மிகக் குறைவு; விலையோ நினைத்துப் பார்க்க முடியாதது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் வால்வுக் கட்டைக்குள் திரியைச் செருகி எரித்தோம். போத்தலே சிம்னியாகவும் அமைந்தது. வெளியூரில் வாழும் பலருக்கு இந்த விளக்கு நினைவிருக்கும். அந்த வெளிச்சத்தில் படித்து மருத்துவரும் பொறியியலாளரும் ஆனவர்கள் இன்று உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

விளக்குக்கு வழி கிடைத்தது; வானொலிக்குக் கிடைக்கவில்லை. இருந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து இரண்டு வாரம் ஓட்டினேன். செத்த பற்றறி வெயிலில் சிறிது உயிர்க்கும். அரை மணி நேரம் பேசிவிட்டு மீண்டும் சாகும். மூன்றாவது வாரத்தில் வெயிலாலும் பயன் இல்லை.

அப்போதுதான் ஊரில் பலரும் செய்யத் தொடங்கியதை நானும் செய்தேன். சைக்கிள் டைனமோ 6 வோல்ட் தரும். நான்கு பற்றறிகள் போடும் சிறிய வானொலிக்கும் 6 வோல்ட்தான் வேண்டும். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம். வானொலி கேட்பது நேரோட்டம். இடையே நான்கு டயோட்டுகளைப் பாலம்போல் இணைத்து, ஒரு கண்டென்சரையும் வைத்தால் இரைச்சல் அடங்கும்.

டயோட்டுக்கு நான் தேடிச் சென்றவர் ஒரு முஸ்லிம் வணிகர். வானொலி திருத்துபவர். கோட்டைச் சண்டையால் நகரக் கடைத்தெரு சிதைந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே ஐந்து சந்திக்கு அருகில் தம் வீட்டு விறாந்தையிலேயே கடை வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை நானா என்றே அழைப்பேன். பழைய பெட்டி ஒன்றைப் பிரித்து நான்கு டயோட்டுகளையும் கண்டென்சரையும் எடுத்து, காகிதத்தில் படம் கீறி விளக்கித் தந்தார். காசு கொடுக்கப் போனபோது, "முதலில் வேலை செய்யுதோ எண்டு பாருங்கோ தம்பி. பிறகு தாருங்கோ, காசு எங்க ஓடப்போகுது" என்றார்.

வேலை செய்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, மிதியைக் கையால் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் குரல் தேய்ந்து முனகும். வேகமாகச் சுற்றினால் வோல்ட்டளவு ஏறிப் பெட்டியே கருகிவிடும். ஒரே சீராகச் சுற்றுவது ஒரு கலை. என் கை ஐந்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். அத்துடன் சுற்றிக்கொண்டே குறிப்பெடுக்க முடியாது. ஆறு வயது மகன் முன்வந்தான். வியப்பு என்னவென்றால் அவன் கை என் கையைவிடச் சீராக இருந்தது.

இவ்விதமாக எங்கள் மாலைகள் அமைந்தன. முதலில் திருச்சி வானொலியில் ஏதாவது பாட்டு, அது பிள்ளைகளுக்கு. மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப் பணி சில நாள் தெளிவாகக் கேட்கும். இரவில் லண்டன் பிபிசியின் தமிழோசை. 1990 நவம்பரில் புலிகளின் குரல் தொடங்கிய பின் அதுவும் சேர்ந்துகொண்டது. கொழும்பு சொல்வதையும், புலிகள் சொல்வதையும், லண்டன் சொல்வதையும் அடுத்தடுத்துக் கேட்டால் மூன்று வெவ்வேறு நாடுகளைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கும். அயலவர்கள் நாலைந்து பேர் மதிலோரம் வந்து நிற்பார்கள். மகன் சுற்றுவான், மகள் "அண்ணா, கெதியாச் சுத்தாதே" என்று மேற்பார்வை செய்வாள். தந்தையார் என்னைத் தொடவிடாத குமிழை நான் மகளிடம் கொடுத்திருந்தேன். அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்கு வரும்படி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். கைப்பணமும் நகையும் பறிக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணைவிட்டு அவர்கள் போனார்கள். அவர்களில் நானாவும் ஒருவர். அவருக்கு நான் கொடுக்க வேண்டிய காசு என் சட்டைப் பையிலேயே இருந்தது. அடுத்த சந்தைக்குப் போகும்போது கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன்.

மறுநாள் நான் பணியாற்றிய பத்திரிகையில் அதுபற்றி ஒரு வரியும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. எழுதி ஆசிரியர் பீடத்தில் கொடுத்தேன், அவர்கள் போடவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நான் எழுதவே இல்லை. அச்சம் என்று காரணம் சொல்லலாம்; பிள்ளைகள் சிறியவர்கள் என்றும் சொல்லலாம். பிற்காலத்தில் கேட்டவர்களுக்கு இரண்டையும் சொல்லியிருக்கிறேன். அன்று மாலையும் மகன் வழமைபோல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். நானா தந்த டயோட்டுகள் வழியாக உலகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன.

தாள் தட்டுப்பாட்டைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். அச்சுத்தாள் வராத நாட்களில் யாழ்ப்பாணத்து நாளேடுகள் கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சாகின. அந்தப் பத்திரிகைகளை இன்று அரும்பொருள்போல் பாதுகாப்போர் உண்டு. எனக்கு நினைவில் நிற்பது வேறொன்று. மகன் ஒருநாள் பத்திரிகையைக் கையில் எடுத்து, "அப்பா, இது எங்கட கொப்பித் தாள்தானே?" என்று கேட்டான். பள்ளியில் அவனுக்குக் கொப்பி இல்லை. பழைய கொப்பியில் பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதிக்கொண்டிருந்தான். அதன் பின் அச்சகத்தில் பிழைபட்டு ஒதுக்கும் தாள்களில் ஒருபக்கம் வெறுமையானவற்றைச் சேர்த்து வந்து, இரவில் ஊசிநூலால் தைத்துக் கொப்பியாக்கிக் கொடுத்தேன். அதுவே என் இரண்டாவது பொழுதுபோக்காக மாறியது. முன்பக்கத்தில் இறந்தோர் விபரம், பின்பக்கத்தில் மகளின் அ, ஆ.

வானொலியை விடவும் பிள்ளைகள் நன்றாகக் கேட்கப் பழகியது வானத்தை. உலங்குவானூர்தியின் ஓசை எது, சியாமாசெட்டியின் ஓசை எது, புக்காரா எப்படிக் குத்தி எழும் என்பதெல்லாம் எட்டு வயதில் என் மகனுக்குத் தெரியும். நான்தான் கற்பித்தேன். குயிலையும் செம்போத்தையும் குரலால் அறிய என் தந்தையார் எனக்குக் கற்பித்தார். நான் கற்பித்தது இது. பதுங்குகுழிக்கு ஓட எத்தனை நொடி இருக்கிறது என்பதை அந்த ஓசையைக் கொண்டே கணிக்க வேண்டியிருந்தது. ஆகவே வேறு வழியும் இருக்கவில்லை.

1994 இல் ஆட்சி மாறிச் சில பொருட்களின் தடை தளர்ந்தது. 1995 ஜனவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 19 ஆம் திகதி முறிந்தது. ஜூலை 9 ஆம் திகதி நவாலி சென்ற் பீற்றர்ஸ் தேவாலயத்தின் மீது குண்டு விழுந்தது. படைநடவடிக்கைக்கு அஞ்சி அங்கே அடைக்கலம் புகுந்திருந்த மக்களில் நூறு பேருக்கும் மேல் மாண்டார்கள். நான் அங்கே போனேன். பார்த்ததை அப்போது எழுதிவிட்டேன். இங்கே மீண்டும் எழுதமாட்டேன். வீடு திரும்பியபோது இருட்டிவிட்டது. மகன் சைக்கிளருகே காத்திருந்தான். கொழும்பு என்ன சொல்கிறது, லண்டன் என்ன சொல்கிறது என்று அறிய எனக்கு வேண்டியிருந்தது. அது என் தொழில். மகளோ அப்போது எட்டு வயதுப் பிள்ளை. குமிழின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இண்டைக்கு வேண்டாம் அப்பா. இந்தப் பெட்டி எப்பவும் செத்த ஆக்களைத்தான் சொல்லுது" என்றாள். ஐந்தாண்டுகள் பிள்ளைகளின் கையால் சுற்றவைத்து நான் கேட்டது என்ன என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். அன்று வானொலி கேட்கவில்லை. மறுநாள் முதல் நானே சுற்றினேன்; பிள்ளைகள் உறங்கிய பின்.

அதே ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரையும் உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கிகள் கூறின. முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுச் சரியாக ஐந்தாண்டுகள். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான மக்கள். ஒரு மைல் நகர மணிக்கணக்காயிற்று. டைனமோ பூட்டிய அதே சைக்கிளில் அரிசி மூட்டையும், அதன் மேல் என் தாயாரும். மகன் வானொலியைப் பொலித்தீன் பையில் சுற்றித் தன் சட்டைக்குள் வைத்திருந்தான். நான் கொண்டுவரச் சொல்லவில்லை. நான் இருபது ஆண்டுகளாகச் சேர்த்த பத்திரிகை நறுக்குகள் மூன்று தகரப் பெட்டிகளில் வீட்டிலேயே கிடந்தன. 1996 இல் தென்மராட்சியிலிருந்து திரும்பியபோது பெட்டிகள் இருந்தன, தாள்கள் இல்லை. பின்னர் மின்சாரமும் படிப்படியாக வந்தது. அதற்குமுன் எரியும் மின்குமிழைக் கண்ட நினைவே இல்லாத என் மகள் அன்று முழுவதும் ஆளியை மேலும் கீழும் தட்டிக்கொண்டிருந்தாள். எவரும் ஏசவில்லை.

2002 இல் ஏ9 வீதி திறந்த பின் கொழும்புக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கிருந்து புத்தளம் போனேன். இரண்டு நாள் விசாரித்து நானாவைக் கண்டுபிடித்தேன். ஓலைக் கூரையின் கீழ் சிறிய கடை. வானொலிகளும் மணிக்கூடுகளும் திருத்திக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் கண்டார். டயோட் வேலை செய்ததா என்று கேட்டார். செய்தது என்றேன். காசை நீட்டினேன், சிரித்துக்கொண்டே வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் காசுக்கு ஒரு தேநீர்தான் வாங்கலாம்.

அவருடைய மகனுக்கும் என் மகனுடைய வயதுதான். நான் பத்திரிகையில் வேலை செய்தவன் என்று தகப்பன் அறிமுகப்படுத்தியதும், "நாங்கள் வெளிக்கிட்ட நேரம் நீங்கள் பேப்பரில என்ன எழுதினீங்கள் அங்கிள்?" என்று கேட்டான். குற்றஞ்சாட்டும் குரல் இல்லை. அறிய விரும்பிக் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் நானா அவனைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிட்டார்.