இரண்டு இரவுகளின் இசைத்தட்டு

இசையின் வரலாறு பெரும்பாலும் பேரரங்குகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசவையிற் பாடினோரும் பெருஞ்சபைகளிற் புகழ் பெற்றோரும் ஏட்டில் இடம்பெற்றனர். எதிரே ஒருவர் மாத்திரம் அமர்ந்திருப்பதுபோல மெல்லப் பாடுவோனின் குரல் அரங்கின் பின்வரிசையை எட்டவில்லை. ஆதலின் ஏட்டையும் எட்டவில்லை.

இந்நிலையை மாற்றியது ஒலிவாங்கி. 1925ஆம் ஆண்டில் மின்முறை ஒலிப்பதிவு வழக்குக்கு வந்தபின், உரத்துப் பாடவேண்டிய கட்டாயம் நீங்கிற்று. மூச்சின் அசைவும் நரம்பின்மேல் விரல் உராயும் ஓசையுங்கூடத் தட்டிற் பதியலாயின. 1948ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நீண்டநேர இசைத்தட்டை வெளியிட்டது. ஒரே மனநிலையில் அமைந்த பல பாடல்களைத் தொடர்ந்து கேட்கும் வழக்கத்துக்கு அது வழி வகுத்தது.

அதே யூன் மாதம் 19ஆந் திகதி, பர்மாவின் இரங்கூன் நகரில் நிக் டிறேக் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயப் பொறியியலாளர். பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்திற் பணிபுரிந்தவர். பின்னர் இக்குடும்பம் இங்கிலாந்து சென்று, வார்விக்சயர் மாவட்டத்துக் கிராமமொன்றிற் குடியேறியது. தாயார் மொலி டிறேக், தாமே பாட்டியற்றிப் பியானோ இசைத்துப் பாடுவார். வீட்டார் செவிக்கென்றே பாடிய அப்பாடல்களைத் தந்தையார் 1950களில் ஒலிநாடாவிற் பதிந்துவைத்தார். அவை நெடுங்காலத்தின் பின்னரே பொதுமக்களுக்கென வெளிவந்தன. மகனுடைய இசையின் ஊற்று அவ்வீட்டுக் கூடத்திலேயே இருந்தது எனலாம்.

அக்காலத்து இங்கிலாந்தில் நாட்டார் இசை மறுமலர்ச்சி பெற்றிருந்தது. கிற்றாரொன்றைத் துணைக்கொண்டு இளைஞர் பலர் பழம்பாட்டுகளையும் தாமியற்றிய பாட்டுகளையும் பாடினர். கேம்பிறிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்ற டிறேக்கும் அவர்களுள் ஒருவரானார். ஜோ போய்ட் என்பார் அவரை இனங்கண்டு இரு இசைத்தட்டுகளைத் தயாரித்தார். முதலாவது 1969இலும் அடுத்தது 1971இலும் வெளிவந்தன. இரண்டிலும் பக்கவாத்தியங்கள் பல இருந்தன. விற்பனை மிகச் சொற்பம். சிறு மன்றங்களிற் பாடியபோது, பாட்டுக்குப் பாட்டு நரம்புகளைத் தளர்த்தியும் முறுக்கியும் வேறு சுருதி கூட்ட அவருக்கு நெடுநேரம் சென்றது. அவையோர் பேச்சில் இறங்கினர். விரைவிலேயே அவர் மேடையை விட்டு விலகினார்.

1971 ஒக்டோபரில் டிறேக் ஒலிப்பதிவாளர் ஜோன் வூட்டை நாடினார். இலண்டன் செல்சியிலுள்ள பதிவுக்கூடத்தில், இருவர் மாத்திரமே இருக்க, இரண்டு இரவுகளிற் பதிவு நிறைவுற்றது. பதினொரு பாடல்கள், ஏறத்தாழ 28 நிமிடங்கள். குரலும் கிற்றாருமன்றி வேறெதுவும் இல்லை. முதற் பாட்டில் மட்டும் அவரே வாசித்த சில பியானோச் சுரங்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. 'பிங்க் மூன்', அதாவது இளஞ்சிவப்பு நிலா, என்ற பெயருடன் 1972 பெப்ரவரியில் அது வெளிவந்தது.

இதன் கவர்ச்சி எதில் உள்ளது? கட்டைவிரல் தாழ்சுரங்களைச் சீராக மீட்ட, ஏனைய விரல்கள் மேற்சுரங்களைப் பின்னிச் செல்கின்றன. தளர்த்திய நரம்புகளின் கார்வை குரலுக்கு நிலமாகின்றது. குரலோ எதையும் வலியுறுத்துவதில்லை. அதனாற் கேட்பவரே செவியைக் கூர்மையாக்கிக் கொள்ள நேர்கிறது. ஓசை இல்லாத இடங்களும் பாட்டின் பகுதிகளாகி விடுகின்றன. அரங்கில் அவருக்குக் குறையாயிருந்த மென்மை, ஒலிவாங்கியின் முன் அவரது பெரும்பலமாயிற்று.

எனினும் அன்று வாங்கினோர் மிகச் சிலரே. மனச்சோர்வால் நலிந்த டிறேக், 1974 நவம்பர் 25ஆந் திகதி, 26 வயதிற் காலமானார்.

நேயர்கள் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். போய்ட் அமெரிக்கா செல்லுமுன் தமது தயாரிப்பு நிறுவனத்தை ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கையளித்தார். அப்போது, டிறேக்கின் தட்டுகளை விற்பனைப் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்கலாகாது என்று நிபந்தனை விதித்தார். விற்காத சரக்கைக் கழித்துவிடுதல் வணிகர் இயல்பு. அந்த ஒரு நிபந்தனை இல்லாதிருப்பின், பின்னர் தேடி வந்தோர்க்கு எது கிடைத்திருக்கும்? 1979இல் அவரது பாடல்கள் தொகுதியாக வெளிவந்தன. 1999இல் வொக்ஸ்வாகன் மோட்டார் வண்டி விளம்பரமொன்று இத்தட்டின் முதற்பாட்டை எடுத்தாண்டபோது, விற்பனை பன்மடங்கு பெருகிற்று. பாடியவர் மறைந்து அப்போது ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

நல்லது தானே நிலைக்கும் என்பர். இவ்வரலாறு அதனை முழுமையாக ஒப்புவதாயில்லை. உரத்த குரல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். மெல்லிய குரலுக்கோ காவலர் வேண்டும்: ஒலிநாடாவைப் பேணிய தந்தை, இரவிற் கூடத்தைத் திறந்துகொடுத்த பதிவாளர், ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்த தயாரிப்பாளர். இன்று அவ்விசையைக் கேட்டு இன்புறுவோர் இவர்களுக்கும் கடமைப்பட்டவரே.