புரோன் பள்ளத்தாக்கில் ஒரு பூகோள வகுப்பு

பாலர்க்குப் பூகோளம் போதிக்கும் முறை எங்கே புத்துயிர் பெற்றது என்று ஆராயப் புகுவோர், ஸ்விட்ஜர்லாந்து தேசத்தில் நியூஷாட்டெல் ஏரியின் தென்மேற்குக் கோடியில் அமைந்துள்ள இவர்தோன் என்னும் சிறு நகரத்தை மறத்தல் இயலாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சவாய் வம்சத்தார் எழுப்பிய அந்நகரக் கோட்டையில், ஏழைக் குழந்தைகளின் கல்விக்கே தம் வாழ்நாளை அர்ப்பணம் செய்த பெஸ்டலாஜி, 1805 முதல் 1825 வரை ஒரு வித்தியாசாலையை நடத்தி வந்தார். முதலில் பிரத்தியட்ச அநுபவம், பிறகே சொல்லும் விதியும் என்பது அவருடைய சித்தாந்தம்.

அச்சித்தாந்தம் நடைமுறையில் எவ்வடிவம் கொண்டது என்பதை, எட்டு வயதளவில் அங்கே மாணவனாயிருந்து பிற்காலத்தில் சரித்திராசிரியராய்ப் புகழ்பெற்ற லூயி வுல்லியமன் தம் நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கிறார். பூகோள பாடத்தின் ஆரம்பமாக, நகரத்துக்கு அணித்தே புரோன் என்னும் சிற்றாறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கிற்குச் சிறுவர்களை அழைத்துச் செல்வார்கள். அதனை முழுமையாகவும், பின்னர்ப் பகுதி பகுதியாகவும், மனத்தில் பிழையற்ற சித்திரம் படியும் வரை அவர்கள் நோக்க வேண்டும். அதன்பின் பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்தில் படிந்து கிடக்கும் களிமண்ணைத் தோண்டியெடுத்துக்கொண்டு திரும்புவார்கள். கோட்டையை அடைந்ததும் பெரிய மேஜைகளில் தத்தமக்குரிய இடத்தில், தாம் கண்ட பள்ளத்தாக்கைத் தம் கைகளாலேயே வனைவார்கள். அடுத்த நாட்களில் மேலும் சற்று உயரமான இடங்களுக்குச் சென்று, கண்டதைக் கொண்டு அவ்வுருவத்தை விரிவாக்குவார்கள். இவ்வாறு அந்நிலப்பரப்பு முழுவதும் களிமண்ணில் உருவாகி முடிந்த பின்னரே தேசப்படம் அவர்கள் கண்ணில் காட்டப்படும். அப்போது அப்படத்தின் ஒவ்வொரு கோடும் அவர்கள் காலால் நடந்த இடமாயிருக்கும். உல்லாசப் பயணமும் பாடமும் இரண்டல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இவர்தோனுக்கு 1807-இல் வந்து இம்முறையை நேரிற் கண்டவர்களுள் கார்ல் ரிட்டரும் ஒருவர். அவரே பாலியத்தில், ஸல்ஸ்மான் 1784-இல் ஜெர்மனியில் ஸ்தாபித்த ஷ்னெப்ஃபென்தால் பாடசாலையில், காட்டிலும் மேட்டிலும் நடந்து கற்றவர். பின்னர் பெர்லின் சர்வகலாசாலையில் பூகோளப் பேராசிரியராகி, அச்சாஸ்திரத்துக்கு நவீன அஸ்திவாரமிட்டவர். பெஸ்டலாஜிக்குப் பூகோளச் செய்திகள் பெரிதும் தெரியாவெனினும், அத்துறையில் தாம் பெற்ற ஞானத்தின் சாரம் அவரிடமிருந்தே கிடைத்தது என்று அம்மேதை நன்றியுடன் கூறியதாகச் சொல்வார்கள். 1808 முதல் 1810 வரை அங்கே தங்கியிருந்த புரோபெல் பின்னாளில் கிண்டர்கார்ட்டனைத் தோற்றுவித்தார் என்பதைத் தமிழ் ஆசிரியர் பலரும் அறிவர்.

ஆசிரியர்களுக்குள் மூண்ட நெடும் பூசலால் அவ்வித்தியாசாலை 1825-இல் மூடப்பட்டது. இரண்டாண்டில் பெஸ்டலாஜியும் காலமானார். சிறுவரை வெளியே அழைத்துச் செல்லும் வழக்கம் மட்டும் தேசந்தோறும் பரவியது. ஆயினும் பரவிய வேகத்தில், சென்ற இடத்துக்கே மீண்டும் மீண்டும் செல்லுதல் என்னும் அதன் உயிர்நிலை பல இடங்களில் நழுவிவிட்டது. ஆண்டுக்கொருமுறை தூரதேசத்துக்கு ஓடி வருவதைக் காட்டிலும், பள்ளிக்கு அருகேயுள்ள ஒரு வாய்க்காலையோ குன்றையோ தேர்ந்து, மழைக்கு முன்னும் பின்னும் அங்கே குழந்தைகளை அழைத்துச் செல்லுமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன்.