மிலேச்சன் மறைந்த கதை: பரமார்த்த குருவும் 1861ஆம் ஆண்டு இலண்டன் படநூலும்

ஆய்வுச்சுருக்கம்

வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குரு கதை 1861இல் இலண்டனில் ஐம்பது நகைச்சுவைப் படங்களுடன் வெளிவந்தது. அந்நூலில் ‘குரு’, ‘மிலேச்சன்’ ஆகிய இரு சொற்கள் அடைந்த மாற்றத்தின் வழி, பழைய படநூல்கள் பிற சமயத்தையும் அயற்பண்பாட்டையும் சித்திரித்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருச்சொற்கள்: வீரமாமுனிவர், ஏலாக்குறிச்சி, பரமார்த்த குரு கதை, படநூல், காமிக்ஸ், மொழிபெயர்ப்பு

திருக்காவலூர்

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியே வீரமாமுனிவரின் எழுத்துகளில் திருக்காவலூர் எனப் பெயர்பெற்றது. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது இவ்வூர் அதனுள் அடங்கியது. 2007 முதல் அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1680இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டான்சோ ஜோசப் பெஸ்கி என்னும் சேசு சபைத் துறவி இங்குப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். இவ்வூர் அன்னை மரியாளைத் தலைவியாக்கித் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். 3,615 பாடல்களில் தேம்பாவணி செய்த அதே கைதான் ஒரு குருவையும் ஐந்து மூடச் சீடரையும் வைத்து எளிய உரைநடையில் ஒரு நகைப்புக் கதையும் எழுதியது.

கதையின் நிகழ்ச்சிகள் தமிழர்க்குப் பழக்கமானவை. ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிப்பது, ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணி ஒருவர் குறைவதாக அழுவது, பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவது எனச் செல்லும் இக்கதை, குருவின் சாவில் முடிகிறது.

இதை இந்து சமயத் துறவியரை எள்ளிய பாதிரியாரின் கேலி என்று கொள்வதுண்டு. அக்கருத்தை அப்படியே ஏற்பது கடினம். தம்மை விட்டு எண்ணும் மூடர் கதை இங்கிலாந்தின் கோதம் என்னும் சிற்றூரார் மீதும் நெடுங்காலமாக வழங்கியது. குதிரை முட்டையும் ஐரோப்பிய நாட்டார் கதைகளில் உண்டு. முனிவரின் நேரடிச் சமய மறுப்பு நூல்களான வேதவிளக்கமும் பேதகமறுத்தலும் தாக்கியது தரங்கம்பாடி லுத்தரன் சபையைத்தான். எனினும், ஒரு மடத்தையும் அதன் குருவையும் நகைப்புக்குரிய களமாகத் தேர்ந்தவர் கத்தோலிக்கத் துறவி என்பதையும் மறந்துவிட இயலாது. கதை கூரற்றது என்று சொல்வதற்கில்லை. அக்கூர் எத்திசை நோக்கியது என்பதே கேள்வி.

இரு சொற்கள்

இதற்கான விடை சொற்களில் இருக்கிறது. ‘குரு’ என்பது பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழில் சைவ, வைணவ மடங்களின் தனியுடைமை அன்று. இராபர்ட் தெ நொபிலி மதுரையில் வகுத்த நெறியில் கிறித்தவத் துறவியும் குருவாகவே அறியப்பட்டார். கத்தோலிக்கத் தமிழில் இன்றும் அருட்பணியாளர் ‘குரு’, அவர்கள் பயிலும் நிறுவனம் ‘குருமடம்’. எனவே மூடக் குருவைப் பற்றிய கதையைக் கேட்ட திருக்காவலூர்க் கிறித்தவரின் நினைவில் தம் கோயில் சாமியாரும் வந்திருக்க இடமுண்டு.

சீடர் பெயர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். இவற்றுள் நான்கு அறிவின்மையைச் சுட்டுவன. மிலேச்சன் அத்தகையதன்று. அது வேற்றுமொழி பேசுபவனை, ஒழுக்க வேலிக்கு வெளியே நிற்பவனைக் குறிக்கும் வடசொல். கடல் கடந்து வந்த ஐரோப்பியருக்கும் பொருந்தும் வசை. ‘பறங்கி’ என்னும் பெயரைக் களைய நொபிலி எவ்வளவு பாடுபட்டார் என்பதை அறிந்தவர்க்கு, இத்தாலியர் ஒருவர் ஐந்து மூடருள் ஒருவனுக்கு இப்பெயர் இட்டது தற்செயலாகத் தோன்றாது. எழுதியவர் தம்மையும் அந்த ஆற்றங்கரையில் நிறுத்தியிருக்கிறார் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இலண்டனில்

1822இல் பெஞ்சமின் பாபிங்டன் தமிழ் மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் சொற்பட்டியலுடனும் இலண்டனில் அச்சிட்டார். சென்னை மாகாணத்தில் பணியாற்றிப் பின்னர் மருத்துவராகி, தொண்டையை ஆராயும் கண்ணாடிக் கருவியை 1829இல் செய்துகாட்டியவரும் இவரே. அவருடைய பதிப்பு மொழி கற்போருக்கானது. தமிழ் மூலமும் உடன் நின்றது. 1826இல் துபுவா பாதிரியாரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பாரிசில் வெளிவந்தது.

1861ஆம் ஆண்டு நூலின் இயல்பு வேறு. அதை வெளியிட்டது டிரூப்னர் நிறுவனம். படங்களை மரக்கட்டையில் வரைந்தவர் ‘ஆல்ஃபிரட் குரோக்குவில்’. காக்கை இறகுப் பேனா என்று பொருள்படும் இப்புனைபெயருக்கு உரிய ஆல்ஃபிரட் ஃபாரஸ்டர், ‘பஞ்ச்’ இதழின் தொடக்ககாலக் கேலிச்சித்திரக்காரருள் ஒருவர். நகைச்சுவைப் படத்தைக் குறிக்க ‘கார்ட்டூன்’ என்னும் சொல்லை 1843இல் வழக்குக்குக் கொணர்ந்ததும் பஞ்ச் இதழே. காமிக்ஸ் என்னும் வடிவத்தின் முன்னோடிகளுள் இத்தகைய படநூல்களும் அடங்கும். அந்நூல் வெளிவந்தபோது 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நடந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன.

முகப்பில் பரமார்த்தர் ‘கூரூ சிம்பிள்’ ஆகிறார். மேலான மெய்ப்பொருள் என்னும் பெயருக்கும் அவர் செயலுக்கும் இடைப்பட்ட முரணே தமிழ்க் கதையின் உயிர்நாடி. ‘சிம்பிள்’ என்றதும் அது போய்விடுகிறது. சீடர்கள் நூடில், டூடில், வைசேக்கர், ஸேனி, ஃபூஸில் ஆகின்றனர். ஐந்தும் ஆங்கில மூடப்பெயர்கள். மிலேச்சனுக்கு அங்கே இடமில்லை. ‘குரு’ மட்டும் பெயர்க்கப்படாமல் நிற்கிறது. தமிழில் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான அச்சொல், இலண்டனில் கீழ்த்திசைச் சமய ஆசானை மட்டுமே சுட்டும். ஒன்றைப் பெயர்த்து மற்றதைப் பெயர்க்காமல் விட்டதனால் இருபுறமும் பாய்ந்த நகைப்பு ஒருபுறம் மட்டும் பாய்வதாயிற்று. படங்கள் அந்தத் திசையிலேயே தொடர்கின்றன.

எதிர்த்திசைப் பயணம்

ஒரு நூற்றாண்டுக்குப் பின் படக்கதை எதிர்த்திசையில் பயணித்தது. லீ ஃபாக்கின் ஃபேண்டம் 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் வழியாக இந்தியா வந்தபோது, ‘பெங்காலி’ என்னும் கற்பனை நாடு ‘டெங்காலி’ ஆனது. ‘சிங்’ கடற்கொள்ளையர் ‘சிங்கா’ ஆயினர். ராமா என்னும் கொலைஞன் ‘ராமலு’ ஆனான். இந்திய வாசகரின் சமய உணர்வையும் இன உணர்வையும் கருதிய இத்திருத்தங்களுக்குப் படத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. பேச்சுக் குமிழில் சில எழுத்துகளே போதுமாயின. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் அந்த வீரனுக்கு ‘வேதாளர்’ என்று பெயரிட்டு, விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த வாசகரிடம் ஒப்படைத்தது. முகமூடி மாறவில்லை, அதற்குள் இருந்தவர் அயலவர் என்னும் எண்ணம் தளர்ந்தது.

பரமார்த்த குருவுக்கும் தமிழில் மறுவாழ்வு கிடைத்தது. இன்று பரவலாக வழங்கும் சிறுவர் வடிவங்களில் சீடர் பெயர்கள் மட்டி, மடையன், முட்டாள், மூடன், மண்டு. பேதைக்கு ஈடாக வேறொரு மூடப்பெயர் எளிதில் கிடைத்துவிடும். மிலேச்சன் இருந்த இடத்திலும் இப்போது ஒரு மூடன்தான் நிற்கிறான். இம்முறை பெயரை மாற்றியது இலண்டன் அன்று.