பிறக்காத பிள்ளைக்கு யார் சாட்சி?

எங்க சிவகாசி, சாத்தூர் பக்கம் ஒரு கரு கலைஞ்சா காரணம் சொல்ல ஆள் தேட வேண்டாம். "பப்பாளி தின்னிருப்பா", "உடம்புச் சூடு", "சும்மா இருக்காம கனத்தைத் தூக்கியிருப்பா". எதைச் சொன்னாலும் குத்தம் அந்தப் பெண் தலையில்தான் விழும். ஏதாவது கிருமித் தொற்றா இருக்குமோன்னு கேட்பவர்கள் குறைவு.

அந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடிப்போனால், ஒரு இழை கண் மருத்துவத்தில் போய் நிற்கிறது. 1941-ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவிக் கண்புரையோடு வரிசையாகக் குழந்தைகள் வருவதைக் கவனித்தார். தாய்மாரை விசாரித்தால், பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது. லேசான காய்ச்சல், ரெண்டு மூணு நாள் சிவப்புத் தடிப்பு, அவ்வளவுதான். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத கிருமி, நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குள் போய்விடுகிறது. கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், பிழைத்தால் கண், காது, இதயம் பாதிக்கலாம். 1964-65-ல் அமெரிக்காவில் ரூபெல்லா பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் இப்படிப் பிறந்தன. கருச்சிதைவு, கருக்கலைப்பு, இறந்து பிறத்தல் என சுமார் 11,000 கர்ப்பங்கள் முடிந்துபோயின.

சரி, நம்ம ஊர்ல? விருதுநகர்ல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல மதுரை. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளின் கண்புரைக்குக் காரணம் தேடிய ஆய்வு 1996-ல் வெளிவந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு ரூபெல்லாதான் காரணம்.

பிழைத்து வந்த பிள்ளைகளின் கண்ணே சாட்சியானது. பிறக்காமல் போனவை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அந்தத் தாய்மாருக்கு மிஞ்சியது பப்பாளிப் பழிதான்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும். வாட்ஸ்அப் வதந்தியில் மிரண்டு ஊசி வேண்டாம் என்ற பெற்றோர் நிறைய. "பையனுக்கு எதுக்கு?" என்றால் பதில் எளிது: வீட்டில் கர்ப்பமாக இருக்கும் சித்திக்கோ அத்தைக்கோ அவன் கொண்டுவந்து ஒட்டவிடக் கூடாது.

எல்லாக் கருச்சிதைவுக்கும் தொற்று காரணமில்லை. முதல் மூணு மாசத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறு. அதுவும் அவள் குத்தமில்லை. ஆனா ரூபெல்லாவைத் தடுக்கலாம். ஊசியைக் கர்ப்பத்துக்கு முன்னாடியே போட்டிருக்கணும். கர்ப்பமான பிறகு போட மாட்டார்கள்.