பெயர் சொல்ல நாணிய நோய்

மாந்தரை வருத்தும் பிணிகளுள், வாய்விட்டு உரைக்கப் பலரும் கூசுவது மூலநோய் ஆகும். பகைவனைப்போல் துன்புறுத்துவது என்னும் பொருள்பட வடமொழி மருத்துவர் இதனை ‘அர்சஸ்’ என்றனர். ‘துர்நாமம்’ என்பதும் இதற்கு வழங்கிய பெயரே. சொல்லத் தகாத பெயருடையது என்பது அதன் பொருள். வெளியிற் சொல்லாத நோய்க்கு மருந்து தேடுவது எங்ஙனம்? கண்டி நாட்டின் மருத்துவ வரலாறு இவ்வினாவுக்கு ஒருவாறு விடை தருகின்றது.

1660ஆம் ஆண்டிற் சிறைப்பட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், அந்நாட்டவருக்குக் காடுகளே மருந்துக்கடைகள் என்று 1681இல் வெளிவந்த தம் நூலிற் குறித்தார். எனினும், காட்டில் மூலிகை இருந்தால் மட்டும் போதாது. அதன் பயனைக் கூறும் நூல், மக்கள் அறிந்த மொழியில் இருத்தல் வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பாளி மொழியில் எழுந்த ‘பேசஜ்ஜ மஞ்சூசா’ என்னும் மருத்துவ நூலுக்குச் சிங்களத்தில் உரை வகுத்தவர், கண்டியில் வாழ்ந்த வெலிவிட்ட சரணங்கரர் (1698–1778). பௌத்த சமய மறுமலர்ச்சிக்கு உழைத்த அத்துறவியார், உடற்பிணி தீர்க்கும் நூலையும் அறப்பணியாகவே கருதினார் போலும்.

மூலநோய்க்கு முன்னோர் கண்ட மருந்துகள் பெரும்பாலும் எளியவை. சேனைக்கிழங்கிற்கு வடமொழியில் ‘அர்சோக்னம்’, அதாவது மூலத்தை அழிப்பது, என்றே ஒரு பெயர் உண்டு. அக்கிழங்கை மண்ணாற் பூசிச் சுட்டு, எண்ணெயும் உப்பும் சேர்த்து உண்ணுமாறு பழைய நூல்கள் விதித்தன. துத்தியிலையைத் தமிழ் மருத்துவரும் பெரிதும் போற்றினர். சிங்களத்தில் அது ‘அனோதா’. மலச்சிக்கலை நீக்கும் திரிபலையின் மூன்று காய்களாகிய கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் என்பன அங்கு ‘அரளு, புளு, நெல்லி’ எனப்படும். நெல்லி இரு மொழியார்க்கும் ஒன்றே! மலங்கழிக்க முக்குவதால் ஆசனவாயின் நாளங்கள் வீங்குவதே இந்நோய்க்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஆதலின் மலத்தை இளக்கும் உணவும் மோரும் மருந்தோடு சேர்த்து விதிக்கப்பட்டமை பொருத்தமே.

1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1821இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவை நிறுவிய அலெக்சாந்தர் மூன், 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். அதில் அறிவியற் பெயர்களோடு நாட்டுப் பெயர்களும் இடம்பெற்றன. பெயர் மாறினால் மருந்தும் மாறிவிடும் ஆதலின், இதுவும் சிறு தொண்டன்று.

எனினும், பண்டை மருத்துவர் மூலிகையொன்றையே நம்பியிருந்தாரல்லர். தொடக்க நிலைக்கு மருந்து, முற்றியவற்றுக்குக் காரம், சூடு, அறுவை எனச் சுசுருதர் நால்வகைச் சிகிச்சை வகுத்தார். இலைக்கும் வேருக்கும் எல்லையுண்டு என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இம்மருத்துவத்துக்குச் சட்டவடிவிலான நிலையை அளித்தது. ஆயினும் பழைய நாணம் இன்னும் பலரை விட்டு அகலவில்லை. மலத்துடன் குருதி போவது மூலத்தினால் மட்டுமன்று. குடலிற் தோன்றும் புற்றுநோயாலும் அது நிகழக்கூடும். நோயைத் தாமே மூலமெனத் துணிந்து, கடைச் சரக்கை வாங்கியுண்டு காலங்கடத்துவோர் உயிருக்கே இடர் தேடிக்கொள்வர். மருத்துவரிடம் நோயின் பெயரைக் கூசாது சொல்லுதலே எம்மருந்துக்கும் முந்திய மருந்தாகும்.