எல்லை காணாமை அறியாமையாகுமா? திருவாய்மொழி 8-4-6ஐ முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

நம்மாழ்வார் அருளிய திருவாய்மொழியின் எட்டாம் பத்தில் நான்காம் திருவாய்மொழி, மலைநாட்டுத் திருச்செங்குன்றூர்த் திருச்சிற்றாற்றில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானைப் பற்றியது. அதன் ஆறாம் பாசுரத்தில், எம்பெருமானுடைய தன்மை பிறர்க்கேயன்றி அவன் தனக்கும் அறிய அரியது என்ற பொருள்பட ஆழ்வார் அருளிச்செய்கிறார். கேட்ட மாத்திரத்தில் இது புகழ்ச்சியாகத் தோன்றினும், சிறிது நின்று நோக்கினால் பெரியதோர் ஐயத்துக்கு இடமளிக்கிறது. அனைத்தையும் அறிபவன் என்று வேதாந்தம் ஓதும் பரம்பொருள் தன்னை அறியானாயின், அவனுடைய ஸர்வஜ்ஞத்வம் குறைவுபடும். அறிவானாயின், ஆழ்வாருடைய வார்த்தை வெறும் உபசாரமாகிவிடும். அருளிச்செயலை வேதத்தோடு ஒக்கக் கொள்ளும் ஸம்ப்ரதாயத்துக்கு இவ்விரண்டும் ஏற்கத்தக்கனவல்ல.

இவ்வையத்துக்குப் பூர்வாசார்யர்கள் கண்ட விடை ஒருவரால் ஒரு நாளில் உரைக்கப்பட்டதன்று. ஆளவந்தார் காலம் தொடங்கி நம்பிள்ளை காலம் வரையில் படிப்படியாகத் தெளிவுபெற்றது. காண்பவனுடைய குறையால் காணாமை வேறு, காணப்படும் பொருளுக்கு எல்லையே இல்லாமையால் எல்லை காணாமை வேறு என்ற பாகுபாடே அவ்விடையின் உயிர்நிலை.

வேதம் எழுப்பிய வினா

இவ்வினாவின் வேர் வேதத்திலேயே உள்ளது. ருக்வேதம் பத்தாம் மண்டலத்தின் 129ஆம் ஸூக்தமாகிய நாஸதீயம், தைத்திரீய ப்ராஹ்மணத்திலும் இடம்பெற்றுள்ளது. படைப்புக்கு முன் இருந்த நிலையை உள்ளது என்றோ இல்லது என்றோ சொல்ல இயலாது என்று தொடங்கும் இந்த ஸூக்தம், இவ்வுலகம் எங்கிருந்து வந்தது என்பதை யார் அறிவார் என்று கேட்கிறது. தேவர்களும் படைப்புக்குப் பின்னரே தோன்றியவர்களாதலின் அவர்களும் அறியார் என்று அதற்குக் காரணமும் கூறுகிறது. படைப்பின் உள்ளே பிறந்த ஒருவன் அதற்கு வெளியே நின்று அதன் தொடக்கத்தைக் காண இயலாது. மனிதப் பார்வையின் எல்லை தேவர்க்கும் உண்டு என்பதே இதன் கருத்து. இறுதியில், பரமாகாசத்தில் இருந்து இதனை மேற்பார்க்கும் அத்யக்ஷன் அறிவானோ, ஒருவேளை அவனும் அறியானோ என்ற வினாவோடு ஸூக்தம் முடிகிறது.

இக்கால ஆராய்ச்சியாளர் பலர் இம்முடிவைப் பண்டை இந்தியாவின் ஐயவாதத்துக்குச் சான்றாகக் கொள்வர். பதினான்காம் நூற்றாண்டினரான ஸாயணர், அவனே அறியானாயின் வேறு எவர்தாம் அறிய வல்லார் என்ற கருத்தில் உரை கண்டார். ஸ்ரீவைஷ்ணவ வ்யாக்யான மரபோ, திருச்சிற்றாற்றுப் பாசுரத்தை விளக்குமிடத்து இவ்வேத வாக்கியத்தையே துணைக்கு அழைக்கிறது. பிறர் ஐயமாகக் கொண்ட இடத்தை இம்மரபு மஹிமையாகக் கொண்டது. அவ்வாறு கொள்வதற்கு நியாயம் என்ன என்பதே ஆராயத்தக்கது.

தைத்திரீய உபநிஷத்தின் ஆனந்தவல்லி இதற்கு ஒரு வழியைத் திறக்கிறது. இளமை, நல்லொழுக்கம், கல்வி, உடல் வலிமை ஆகியவற்றோடு செல்வம் நிறைந்த பூமி முழுவதையும் உடைய ஒருவனது இன்பத்தை அந்த உபநிஷத்து ஓர் அலகாகக் கொள்கிறது. மனுஷ்ய கந்தர்வர், தேவ கந்தர்வர், பித்ருக்கள் எனத் தொடங்கி இந்த்ரன், ப்ருஹஸ்பதி, ப்ரஜாபதி வரை ஒவ்வொரு படியிலும் அதனை நூறு மடங்காக்கிப் பெருக்கிச் செல்கிறது. பத்துப் படிகள் ஏறி ப்ரஹ்மானந்தத்தைச் சொல்லும்போது, ஒன்றை அடுத்து 20 சுழியங்கள் இட்ட தொகை வந்து நிற்கிறது. ஆயினும் அத்தொகையோடு உபநிஷத்து அமைந்துவிடவில்லை. வாக்கும் மனமும் அந்த ஆனந்தத்தை எட்டாமல் மீளுகின்றன என்று உடனே கூறுகிறது. கணக்கிடத் தொடங்கிய வேதமே கணக்கைக் கைவிட்டது.

ஆளவந்தார் கண்ட நெறி

யாமுனாசார்யரான ஆளவந்தார், இக்கணக்கின் உட்கருத்தை ஸ்தோத்ரரத்நத்தில் வெளியிட்டார். நான்முகனுக்கும் மேலே மேலே புருஷர்களைக் கற்பித்து, நூறு நூறாகப் பெருக்கி, எம்பெருமானுடைய குணங்களுள் ஒவ்வொன்றின் எல்லையைக் காண விரும்பிய வேதவாக்குகள், இன்றளவும் தொடங்கிய முயற்சியைக் கடந்து அப்பால் செல்லவில்லை என்பது அவர் திருவுள்ளம். ஆனந்தவல்லி காட்டும் எண் ப்ரஹ்மானந்தத்தின் அளவன்று. அது வேதம் நின்றுவிட்ட இடத்தின் அடையாளமே. எண்ணத் தகுந்த மங்கலம் இல்லாமையால் வேதம் மீளவில்லை, எண்ணி முடியாமையாலேயே மீண்டது.

இங்கே மற்றொரு சங்கை பிறக்கிறது. வேதமே மீண்ட விஷயத்தில் அற்பனான மனிதன் வாய்திறப்பது தகுமோ? ஸ்தோத்ரரத்நத்தின் தொடக்க ச்லோகங்களில் ஆளவந்தார் இதனைத் தம்மீதே ஏறிட்டுக்கொள்கிறார். சிவன், நான்முகன் முதலியோராலும் பெருமைக் கடலின் ஒரு திவலையை அளக்க முடியாதிருக்க, துதிக்கப் புகுந்த தம் நாணமின்மையைத் தாமே இகழ்ந்துகொள்கிறார். அடுத்து அதற்கு ஸமாதானமும் அருளுகிறார். மஹாஸமுத்ரத்தில் மூழ்கும் அணுவுக்கும் குலமலைக்கும் என்ன வேறுபாடு? கடலின் ஆழத்தை நோக்க இரண்டும் ஒன்றே. ஆதலால் நான்முகன் துதிக்கலாமாயின் தாமும் துதிக்கலாம். இதனினும் மேலாக, எம்பெருமான் இரங்குவது துதிப்பவனுடைய ஆற்றலைக் கண்டன்று, துதிக்கப் புகுந்து அவன் படும் இளைப்பைக் கண்டே. சிற்றறிவுடையவனுக்கு அந்த இளைப்பு விரைவில் வந்துவிடுமாதலால், துதிக்கத் தகுதியுடையவன் அவனே என்று முடிக்கிறார்.

அறிவின் எல்லையை உணர்ந்தவன் இனி மௌனமே தகும் என்று ஒதுங்கலாம். எல்லாம் ஒன்றுதான் என்று அலட்சியமும் கொள்ளலாம். ஆளவந்தார் இவ்விரு வழிகளையும் விலக்கி, எல்லையை உணர்ந்ததையே பேசுவதற்குரிய அதிகாரமாக்கினார். இந்த ஸ்தோத்ரத்துக்குப் பெரியவாச்சான் பிள்ளை மணிப்ரவாளத்திலும் வேதாந்த தேசிகர் ஸம்ஸ்க்ருதத்திலும் உரை வரைந்தமை, இரு கலையார்க்கும் இது பொதுவான அடித்தளம் என்பதைக் காட்டும். காஞ்சியில் பெரிய நம்பி அநுஸந்தித்த ஸ்தோத்ரரத்ந ச்லோகங்களே இளைய ராமாநுஜரை ஆளவந்தார் பக்கம் ஈர்த்தன என்று குருபரம்பரை கூறுகிறது.

ஸ்ரீபாஷ்யத்தில் பெற்ற உறுதி

ஆளவந்தார் பக்தி வழியில் அருளியதற்கு ராமாநுஜர் (மரபுக் கணக்கின்படி 1017–1137) சாஸ்த்ர வழியில் உறுதியளித்தார். ப்ரஹ்மத்துக்கு உருவங்களைச் சொல்லி, உடனே அவ்வாறன்று என்று மறுக்கும் ப்ருஹதாரண்யக வாக்கியம் அன்று பெரும் விவாதத்துக்கு உரியதாயிருந்தது. அம்மறுப்பு குணங்கள் யாவற்றையும் விலக்கி, விசேஷமற்ற ப்ரஹ்மத்தையே எஞ்சவைக்கிறது என்பது அத்வைதிகளின் கொள்கை. ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யம் மூன்றாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில், உபயலிங்காதிகரணத்தில், ஸூத்ரகாரருடைய சொல்லைக் கொண்டே இதற்கு வேறு பொருள் காட்டினார். ச்ருதி மறுப்பது குணங்களையன்று, மேற்கூறிய அளவே ப்ரஹ்மம் என்னும் இவ்வளவுடைமையை மட்டுமே. வேறெந்தப் ப்ரமாணத்தாலும் அறிய இயலாத தன்மைகளைத் தானே உபதேசித்து, அடுத்த நொடியே தானே மறுப்பது சித்தம் தெளிந்தவர் செய்கையன்று. மறுப்புக்குப் பின்னும் அவ்வுபநிஷத்து ப்ரஹ்மத்துக்கு மேலும் மஹிமை கூறிச் செல்வதும் இதற்குச் சான்றாகும்.

இப்பொருளால் விளைந்த மாறுதல் பெரிது. அறியாத ஒன்றைப் பற்றி அது வெறுமை என்று முடிவு கட்டுவதும் ஒருவகையில் அளந்துவிடுவதே. மனித அறிவு தன் எல்லையைத் தொட்ட இடத்தில், அப்பால் ஒன்றுமில்லை என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. அப்பாலும் மங்கலமே உள்ளது, அது சொன்ன அளவில் அடங்குவதன்று என்பதே ஸ்ரீபாஷ்யத்தின் தீர்ப்பு.

பட்டரும் பிடிமணலும்

ஆயினும் ஆழ்வார் பாசுரத்தால் எழும் ஐயம் இன்னும் தீரவில்லை. மனிதனும் தேவர்களும் வேதமும் எல்லை காணாமை ஒருபுறம் இருக்க, எம்பெருமானும் தன் எல்லையைக் காணான் என்பது எவ்வாறு பொருந்தும்? இதற்கு நேரிய விடையளித்தவர் கூரத்தாழ்வானுடைய திருக்குமாரரான பராசர பட்டர்.

பட்டரின் இளம்பருவத்தில் நிகழ்ந்ததாகக் குருபரம்பரை ஒரு செய்தியைக் கூறும். ஸர்வஜ்ஞ பட்டன் என்று விருது கூறிக்கொண்டு ஒரு வித்வான் திருவரங்க வீதியில் பல்லக்கில் வந்தான். வீதியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை அவனைத் தடுத்து, ஒரு பிடி மணலை அள்ளிக் காட்டி, இது எவ்வளவு என்று கேட்டது. அவன் விடையறியாது திகைத்தான். ஒரு பிடி என்று சொல்லத் தெரியாதவனா ஸர்வஜ்ஞன் என்று குழந்தை நகைத்தது. துகள்களை எண்ண வேண்டும் என்று அவன் மயங்கினான். கையளவில் அடங்கியதைக் கையளவாகச் சொல்வதே அங்கு அறிவு. பொருளை உள்ளபடி அறிவதே அறிவு என்னும் கருத்து இந்நிகழ்ச்சியில் விளையாட்டாக வெளிப்பட்டது.

பிற்காலத்தில் பட்டர் அருளிய ஸ்ரீகுணரத்நகோசத்தில் இக்கருத்து சாஸ்த்ரமாகவே அமைந்தது. பிராட்டியின் பெருமைக்கு எல்லையை அவளும் அறியாள், அவள் நாதனும் அறியான். ஆயினும் இருவருடைய ஸர்வஜ்ஞத்வத்துக்கும் அதனால் குறைவில்லை என்று அவர் அருளுகிறார். இல்லாத ஒன்றை அறியாமை ஸர்வஜ்ஞத்வத்துக்கு இசைந்ததேயாம். ஆகாசத்தில் தாமரை பூத்ததாகவும் அதனை இன்னதென்று கண்டதாகவும் ஒருவன் சொன்னால் உலகம் அவனை அறிவாளி என்னாது, மயங்கினவன் என்றே சொல்லும். எல்லையற்ற பெருமைக்கு எல்லையும் அவ்வாகாசத் தாமரை போன்றதே. அது இல்லாததாகையால் அதனை அறிந்தேன் என்பதே ப்ராந்தி, இல்லை என்று அறிவதே யதார்த்த ஜ்ஞானம்.

ஸ்ரீகீதையின் பத்தாம் அத்தியாயமும் இந்த விடையால் தெளிவாகிறது. அங்கே அர்ஜுனன், கண்ணனைக் கண்ணனே அறிவான் என்கிறான். கண்ணனோ தன் விபூதிகளுக்கு முடிவில்லை என்று இரு முறை அருளிச்செய்கிறான். இவை முரண்படுவன அல்ல. அவன் தன்னை அறிகிறான், முடிவில்லாதவனாகவே அறிகிறான்.

ஈட்டின் காலம்

பட்டருக்குச் சீடரான நஞ்சீயர், முன்னர் அத்வைத வேதாந்தியாயிருந்து பட்டரோடு வாதிட்டுத் தோற்று அவர் திருவடியை அடைந்தவர். குணங்களை விலக்கும் மறுப்பு, அளவை விலக்கும் மறுப்பு ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவர்க்கு வெறும் வாதப்பொருளாயிராமல் வாழ்வையே திருப்பியதாயிற்று. அவர் சீடர் நம்பிள்ளை. நம்பிள்ளை பகலில் அருளியதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஏட்டில் எழுதிவைத்ததே ஈடு முப்பத்தாறாயிரப்படி. பட்டர் பிராட்டி விஷயத்தில் நிறுவிய நியாயம் எம்பெருமான் விஷயத்திலும் ஒக்கும். நாஸதீயம் வினாவாக விட்டதை ஆழ்வார் துணிந்து உரைத்ததன் பொருத்தம் இதனால் விளங்கும்.

இதனோடு ஸம்ப்ரதாயம் வகுத்த எல்லைப் பாகுபாடும் நிறைவுபெறுகிறது. ஸம்ஸாரியின் அறிவு கர்மத்தால் சுருங்கியிருக்கிறது; அது குறையே. எம்பெருமான் அருளால் அச்சுருக்கம் நீங்கும். அர்ஜுனனுக்குத் திவ்ய சக்ஷுஸ் அளித்ததும், ஆழ்வாருக்கு மயக்கம் தீரும்படி ஜ்ஞானம் அருளியதும் இவ்வகையினவாம். முக்தனுக்கோ அறிவு எங்கும் பரவி விரிகிறது. அவ்வளவு விரிந்த பின்னும் அவன் எம்பெருமானுக்கு எல்லை காண்பதில்லை. அது குறையன்று, அநுபவம் சலிக்காமல் என்றும் புதிதாயிருப்பதற்கு அதுவே காரணம். முதல்வகை எல்லை நீங்கத்தக்கது. இரண்டாம் வகையினது நீங்குமாயின் பேறே பேறாகாதொழியும்.

திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் ஆறாயிரப்படி அருளிய பின்னும் ஒன்பதினாயிரம், இருபத்துநாலாயிரம், முப்பத்தாறாயிரம், பன்னீராயிரம் என வ்யாக்யானங்கள் தோன்றிய வரலாற்றையும் இவ்வொளியிலேயே காண வேண்டும். முன்னோர் சொல்லியதில் பிழை கண்டு பின்னோர் எழுதவில்லை. அளவில்லாத பொருளைத் தம் தம் அளவில் அநுபவித்துப் பேசினர். ஆளவந்தார் காட்டிய அணுவும் குலமலையும் ஒரே கடலில் மூழ்கிய கதை அதுவே.

அந்த ஆறாம் பாசுரத்தில் அறிவரியவன் என்ற வார்த்தை தனியே நிற்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. எம்பெருமானைத் தமக்கு நல்ல காவலாகவும் தம் இன்னுயிராகவும் சொல்லிய பின்னரே, அவன் தனக்கும் அறிய அரியவன் என்று ஆழ்வார் அருளிச்செய்கிறார். அவ்வறிவரியவனே மலைநாட்டில் ஓர் ஆற்றங்கரையில், கண்டு வணங்கத்தக்க திருமேனியோடு நிற்கிறான். முற்றும் அறிந்த பின்னர்தான் பற்றுவது என்றால் ஒருவர்க்கும் பற்றுதல் இயலாது. எல்லை காணாத இடத்திலேயே பற்று நிலைபெறும் என்பது பூர்வாசார்யர்களின் துணிபு.